மீன் தொட்டி: கேள்வி – பதில்

கேள்வி: இரண்டடித் தொட்டியில் இரண்டு மாதத்துக்கு முன் கிரிப்டோகோரைனும் பாசியும் நட்டு, எட்டுக் கப்பி மீன் விட்டேன். நத்தை எதுவும் விடவில்லை. இப்போது கண்ணாடி முழுக்க மிளகளவு நத்தை. கடையில் தரும் நத்தை மருந்தை ஊற்றலாமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: ஊற்றாதீர்கள். இந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்பு. மலைநாட்டுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் செம்பின் நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். போத்தலில் போட்டிருக்கும் அளவே மீனை வாட்டலாம், இறால் இருந்தால் மிஞ்சாது. போதாததற்கு, நூறு நத்தை ஒரே இரவில் செத்து அழுகினால் அமோனியா ஏறி, தப்பிய மீனும் போய்விடும். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து கலக்கிய வாளியையும் தொட்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். மருந்தடிக்கும் நாட்களில் மலைக்குக் கீழே விழும் பீலித் தண்ணீரும் ஆகாது.

நத்தை வந்தது செடியோடுதான். இலைக்கு அடியில் கூழ் போல ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்து எளிதில் கண்ணில் படாது. ஓட்டின் கூர்முனை மேலே இருக்கப் பிடித்துப் பாருங்கள்: வாய் இடப்பக்கம் இருந்தால் குமிழ் நத்தை. தட்டையாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். இரண்டிலும் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமானது. துணையில்லாமல் தனியாக வந்த ஒன்றே தொட்டியை நிரப்பும்.

ஆனால் பெருகுவது தீனி இருப்பதால். கிரிப்டோகோரைன் நம் நாட்டில் இயற்கையாக வளரும் செடிதான், என்றாலும் இடம் மாற்றி நட்டதும் இலைகள் கரைந்து அழுகும். நத்தைக்கு அதுவே விருந்து. நத்தை இலையை அரிக்கிறது என்று பலர் நினைப்பதும் இதனால்தான். அது தின்பது அநேகமாக ஏற்கெனவே அழுகிய இலையை. அந்த இலைகளை அடியோடு கத்தரித்து எடுங்கள், கிழங்கைப் பிடுங்க வேண்டாம், திரும்பத் தளிர்க்கும். தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள். ஹீட்டர் இல்லாத தொட்டியில் குளிர் நாட்களில் மீன் குறைவாகவே தின்னும், மிச்சமெல்லாம் நத்தைக்கு.

இருப்பதைப் பிடிக்க: கெக்கரிக்காய்த் துண்டை இரண்டு நிமிடம் அவித்து, விளக்கணைத்த பின் அடியில் போட்டு, காலையில் நத்தையோடு தூக்குங்கள். பத்து நாள் விடாமல் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிய முட்டையைப் பிளேட்டால் சுரண்டி வெளியே எடுங்கள். முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு வாரத்தில் குறையாது. பிடித்தவற்றை ஓடையில் விடாமல், வெந்நீர் ஊற்றிப் புதைத்துவிடுங்கள். நத்தை தின்னும் என்று கிளவுன் லோச் மீன் வாங்காதீர்கள், 30 செ.மீ. வரை வளரும், சூடான தண்ணீரும் கேட்கும்.

கேள்வி: புதுச்செடியைத் தொட்டியில் போடும் முன் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: நான்கு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். நத்தை சாகும், முட்டை சில தப்பும். அதனால் வெளிச்சம் படும் இடத்தில் வேறு வாளியில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது அவசியம். குளிரில் முட்டை பொரிக்க நாளெடுக்கும்.

கேள்வி: ஆசைக்கு வளர்க்கும் ராம்ஸ்ஹார்ன் நத்தையின் ஓடு வெளுத்துக் குழி விழுகிறது. (வாசகர், நுவரெலியா)

பதில்: சுண்ணாம்புக் குறைவு, ஓடு தண்ணீரில் கரைகிறது. கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டு வையுங்கள். விழுந்த குழி ஆறாது, புதிதாக வளரும் ஓரம் உறுதியாக வரும்.