அதே 40 பவுன் மேல் இன்னொரு 10 லட்சமா?

கேள்வி: புதுவயலில் அரிசி வியாபாரம் செய்கிறேன். வயது 47. கடையில் எல்லாச் செலவும் போக மாதம் 90,000 ரூபாய் நிற்கும். வீட்டுச் செலவு 55,000. பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றியபோது என் பங்குக்காக 2020 ஜனவரியில் வீட்டு நகை 40 பவுனை 4 லட்சத்துக்கு வைத்தேன். ஒரு ரூபாய் வட்டி. வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுவேன். பவுன் விலை ஏறியதால் அதே நகைக்கு 2022-ல் 2 லட்சம், 2024-ல் 3 லட்சம், 2025-ல் 2 லட்சம் கூடுதலாக வாங்கினேன். இப்போது ஐந்து அடகுச் சீட்டில் 11 லட்சம் நிற்கிறது. இன்னும் தருவதாகச் சொல்கிறார்கள். கழுத்துருவை (கல்யாணத் தாலி நகை) மட்டும் வைக்கவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அயித்தான் (ஆச்சி, அதாவது அக்காவின் வீட்டுக்காரர்) வருடத்துக்கு இரண்டு தடவை வந்து இருபது இருபது நாள் தங்குவார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்துல வாசல்ல இந்தப் பழைய இன்னோவாவா?" என்கிறார். அவரே புரோக்கர் மூலம் ஒரு கார் பார்த்திருக்கிறார். ஆடி ஏ6, 3.0 டீசல், குவாட்ரோ (ஆல் வீல் டிரைவ்), 2014 மாடல், டெல்லிப் பதிவு, 12 லட்சம். கையில் உள்ள 2 லட்சத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதி 10 லட்சத்தை நகை மேல் வாங்கலாம் என்றிருக்கிறேன். பாதிப் பணம் அப்புறம் தருவதாக அயித்தான் சொல்கிறார். இன்னோவாவைத் தம்பி கேட்கிறான். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுவேன். பெண்ணுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம். ஆல் வீல் டிரைவ் சொகுசு கார் பத்து வருடம் உழைக்குமா?

பதில்: காரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது காரைப் பற்றிய வரி இல்லை. "பவுன் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதலாக வாங்கினேன்" என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த வரி.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் 4 லட்சத்துக்கு வட்டி 96,000. அடுத்த இரண்டு வருடம் 6 லட்சத்துக்கு 1,44,000. அப்புறம் 9 லட்சத்துக்கு ஒரு வருடம், 1,08,000. கடைசியாக 11 லட்சத்துக்கு 1,32,000. ஆறு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம். முதலில் வாங்கிய கடனைவிட அதிகம். இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, 4 லட்சம் 11 லட்சமாகியிருக்கிறது.

தங்கம் விலை ஏறினால் லாபம் நகை வைத்திருப்பவருக்கு. உங்கள் வீட்டில் ஒவ்வொரு ஏற்றமும் கடனாக மாறிவிடுகிறது. நகைக்கடன் தருபவர் "இன்னும் தர்றோம்" என்று சொல்வதை உங்கள் தகுதிக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தராசில் இருக்கும் நகையைப் பார்த்துத் தருகிறார். கடையில் 90,000 நிற்கிறதா, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்று அவர் கேட்கவே இல்லை, பார்த்தீர்களா?

இப்போது இன்னும் 10 லட்சம் வாங்கினால் கடன் 21 லட்சம். வட்டி மாதம் 21,000, வருடத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம். பவுன் ஒரு லட்சம் என்று முழுசாக வைத்துக்கொண்டால் உங்கள் நகைக்கு மதிப்பு 40 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. வருட முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனாக இருந்தால், அசலும் வட்டியும் சேர்ந்தே அந்த 75-க்குள் அடங்க வேண்டும். இன்றைக்கு அடங்கும். 30 லட்சம் வரை இடம் இருக்கிறது, அதனால்தான் சிரித்த முகத்தோடு தருகிறார்கள்.

விலை 30 சதவீதம் இறங்குகிறது என்று வையுங்கள். அப்படி நடக்காது என்று சொல்பவர்களுக்கு 2013 ஏப்ரலில் தங்கம் சரிந்தது மறந்துவிட்டது. 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவுக்கு வந்தது. அப்போது ரூபாயும் சரிந்ததால் நமக்கு அடி குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். 30 சதவீதம் இறங்கினால் உங்கள் நகை மதிப்பு 28 லட்சம், வரம்பு 21 லட்சம். வட்டியும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் அசல் சுமார் 18 லட்சத்து 75 ஆயிரம்தான் தேறும். அந்த வருடம் திருப்பி வைக்கப் போகும்போது அசலில் 2 லட்சத்து 25 ஆயிரமும், வருட வட்டி 2 லட்சத்து 52 ஆயிரமும் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். கிட்டத்தட்ட 5 லட்சம். அது பெண்ணின் கல்யாண வருடமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கட்டாவிட்டால் ஏலம். இரண்டு ஊர் தாண்டி ஒரு வீட்டில் இது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏல நோட்டீஸ் வந்த பிறகுதான் அந்த வீட்டு அம்மாவுக்கு நகை எவ்வளவுக்கு வைக்கப்பட்டிருந்தது என்றே தெரிந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த 40 பவுனும் யாருடையது? உங்கள் கடிதத்தில் மனைவி ஒரு வரியில்கூட வரவில்லை. அவர் வீட்டுச் சீராக வந்த நகை என்றால் சட்டப்படியும் அது அவருடையதுதான். கார் யோசனை அயித்தானுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். மனைவிக்குத் தெரியுமா? இன்று இரவே ஐந்து சீட்டையும் அவர் முன்னால் வைத்து, எந்தச் சீட்டில் எந்த நகை, எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

சரி, காருக்கு வருவோம்.

ஏ6 நல்ல கார். அந்த 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினின் இழுவையும், நெடுஞ்சாலையில் அது தரையோடு ஒட்டி ஓடுகிற விதமும் ஒருமுறை ஓட்டினவருக்கு மறக்காது. உங்கள் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடம் உழைக்குமா என்று கேட்டால், அந்த உழைப்புக்கு விலை உண்டு. அந்த இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடி சலசலவென்று சத்தம் வந்தால், அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாக இருக்கும் வேலை. ஏழு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயரும் ஒரே பிராண்டாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு மாறும், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துத் தேயும். அதாவது திருமயம் பக்கம் ஒரு கல் குத்தி ஒரு டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால், பல நேரம் நான்கையும் மாற்ற வேண்டி வரும். பனியிலும் சேற்றிலும் மலைச்சாலையிலும் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற சமதரைச் சாலையில், வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்தும் ஊரில், நான்கு சக்கர இழுவை உங்களுக்கு எத்தனை நாள் உதவும்?

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒரு ஜெர்மன் வண்டியை வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர் சஸ்பென்ஷன் போய், முன்பக்கம் இடது மூலை தரையில் படுத்திருந்தது. சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து கிடந்தது. மேலே ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் மிகக் கவனமானவர். பாகம் வரவழைக்கப் பணம் சேர்த்துக்கொண்டே இருந்தார், அதற்குள் பேட்டரியும் போய்விட்டது.

டெல்லிப் பதிவு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அங்கே வைத்திருக்க முடியாத வண்டிகள் தெற்கே வந்தன. இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் உங்கள் தலையில். புரோக்கர் சொன்ன 12 லட்சத்தில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2014 வண்டிக்கு ஆர்.சி. 2029 வரைதான். அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் "பத்து வருடம்" இதைத் தாண்டித்தான் போகிறது.

ஓட்டும் செலவைத் தோராயமாகப் போடுவோம். 10 லட்சத்துக்கு வட்டி 1,20,000. இன்சூரன்ஸ் 40,000. சர்வீஸ், டயர், ரிப்பேருக்கு 1,75,000 ஒதுக்க வேண்டும், அதுவும் பெரிய கோளாறு வராத வருடத்தில். கையிலிருந்து போவது 3 லட்சத்து 35 ஆயிரம். நான்கு வருடத்தில் வண்டி பாதி விலைக்கு வரும் என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தேய்மானம். ஆக மொத்தம் 4 லட்சத்து 85 ஆயிரம். 12,000 கி.மீ.க்கு வகுத்தால் கி.மீ.க்கு 40 ரூபாய். டீசல் தனி.

இப்போது உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது? 90,000-ல் வீட்டுச் செலவு 55,000, பழைய வட்டி 11,000 போனால் 24,000. வருடத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். கார் கேட்பது 3 லட்சத்து 35 ஆயிரம். இடைவெளியை எங்கிருந்து நிரப்புவீர்கள்? ஆறாவது சீட்டு போடுவீர்கள். ஆறு வருடமாகச் செய்வது அதுதானே.

அயித்தான் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் "அப்புறம் தர்றேன்" என்ற பணத்தை நம்பி மனைவியின் நகையை வைக்கக் கூடாது. அவரிடம் மரியாதையாகவே பேசுங்கள்: "அயித்தான், நகையை மீட்கிற வேலையில இருக்கேன். கல்யாணம் முடியற வரைக்கும் கார் வேண்டாம்னு முடிவு. நீங்க வர்றப்ப டிரைவரோட வண்டி ஏற்பாடு பண்ணிடறேன்." நாளைக்கு 4,000, 5,000 என்றாலும் 40 நாளுக்கு 2 லட்சத்துக்குள் முடியும், அதில் அவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். தம்பி கேட்கிறார் என்பதற்காக இன்னோவாவைக் கொடுக்காதீர்கள். நம் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற வண்டி அது. சீட் கவரை மாற்றி, சஸ்பென்ஷன் புஷ்களைப் புதுசாகப் போட்டு, பாலிஷ் பண்ணினால் மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்றைக்கு வாசலில் நன்றாகவே நிற்கும்.

புரோக்கரிடம் கொடுக்க வைத்திருக்கும் 2 லட்சத்துக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன். ஐந்து சீட்டில் ஏழெட்டுப் பவுனுக்கு, 2 லட்சம் அளவில் ஒரு சின்னச் சீட்டு இருந்தால் முதலில் அதை மீட்டுவிடுங்கள். கடன் 9 லட்சமாகும். வந்த நகையில் யாரும் போடாத பழைய மோஸ்தர், அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு இருக்கும். மனைவி சம்மதித்தால், அவர் காட்டுவதை மட்டும் விற்கலாம். 8 பவுன் விற்றால் கழிவு போக ஏழரை லட்சம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். நகை விற்கச் சொல்கிறாரே என்று நினைக்கலாம். 40 பவுனையும் பூட்டி வைத்து வட்டி கட்டுவதைவிட 32 பவுனைக் கழுத்தில் பார்ப்பது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்கு 12.5 சதவீதம். நகை மனைவியுடையது என்றால் லாபமும் அவர் கணக்கில்தான். அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அடிப்படை விலக்கு போக மீதிக்குத்தான் வரி. 50,000 தனியாக எடுத்து வையுங்கள். 7 லட்சத்தைக் கடனில் கட்டினால் மிச்சம் 2 லட்சம். பழைய வட்டியில் 9,000 குறைவதால் மாதம் 33,000 கையில் நிற்கும். ஏழு மாதத்தில் கடைசிச் சீட்டும் கிழியும். அப்புறமும் கல்யாணத்துக்கு ஒன்றே கால் வருடத்துக்கு மேல் இருக்கும், அந்த 33,000-த்தோடு மிச்ச வட்டியும் சேர்ந்து மாதாமாதம் கல்யாணச் செலவுக்கு வங்கி ஆர்.டி.யில் போகட்டும்.

இந்த இடைவெளியில் யாராவது வந்து, ஆப்பில் அழுத்தினால் வீட்டுக்கே வந்து நகையை எடுத்துப்போய் அரை மணியில் பணம் தரும் திட்டம் என்று சொல்வார்கள். பழைய வழக்கத்தை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், வேண்டாம். நகை விற்ற பணத்தை டிஜிட்டல் தங்கத்தில் போடலாம் என்பவரிடமும் ஜாக்கிரதை. அது தன் கட்டுப்பாட்டில் வராது என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது.

நாளைக் காலையில் சின்னச் சீட்டோடு போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். வைத்த அன்று எழுதிய எடையைச் சீட்டில் பார்த்து, ஒவ்வொரு உருப்படியாகத் தராசில் போட்டுச் சரிபார்த்து, அவர் கையிலேயே வாங்கட்டும். "மீதி நாலு சீட்டுக்கும் இப்ப இன்னும் கூடக் கிடைக்கும்" என்று கவுண்டரில் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.