காரின் பின்கண்ணாடியில் கல் பட்டால் ஒட்டுவதா, மாற்றுவதா?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, என்னுடையது ரொயோற்றா அக்சியோ 141 கார். போன கிழமை வளவில் மெஷினால் புல்லு வெட்டும்போது கல்லொன்று தெறித்துப் பின்கண்ணாடியில் பட்டுவிட்டது. உடையவில்லை. கீழ்க்கரைக்குக் கிட்ட நெல்லுமணி அளவில் பெயர்ந்திருக்கிறது, நகத்தால் தடவினால் தடக்குகிறது. கண்ணாடியில் படியும் பனியைப் போக்குகிற ஹீற்றர் கோடுகளில் இரண்டு வேலை செய்யவும் இல்லை. ஒரு கராஜில் பசை விட்டு நிரப்பலாம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் உடனே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் பிள்ளைகளோடு கொழும்பு போக இருக்கிறோம். அதுவரைக்கும் இப்படியே ஓடலாமா?"

தம்பி, மாற்றுங்கள். கொழும்புக்குப் போய்வந்து பார்ப்போம் என்று விடாமல், போவதற்கு ஒரு கிழமையாவது இருக்கும்போதே மாற்றுங்கள். ஏன் ஒரு கிழமை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பசை விடலாம் என்று சொன்னவர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு அது சரியான வேலைதான். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தாளை வைத்து ஒட்டியது, கல் பட்டால் வெளித்தகடு மட்டும் பெயரும், அந்தக் குழிக்குள் ரெசின் என்கிற அந்தப் பசையை இறக்கிக் காயவிட்டால் வெடிப்பு ஓடாமல் நின்றுவிடும். பின்கண்ணாடி வேறு சாதி. அது ஒற்றைத் தகடு. 600 பாகைக்கு மேல் சூடாக்கி, சடாரென்று குளிர்ந்த காற்றை அடித்து எடுப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு ஆறி ஆறிச் சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. ஆகவே நாண் ஏற்றிய வில்லைப் போல அந்தக் கண்ணாடி எப்போதும் ஒரு இழுவையோடுதான் நிற்கிறது, அதன் பலமும் அதுதான். அந்த இறுகிய தோல் ஒவ்வொரு பக்கமும் கண்ணாடித் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பின்கண்ணாடி மூன்று, நான்கு மில்லிமீற்றர் என்றால் தோல் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நகம் தடக்குகிறது என்றால் கல் அந்தத் தோலில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. ரெசின் விட்டால் குழி மறையும், வெயிலில் பளபளக்கும், போன இறுக்கம் திரும்பி வராது.

கரையில் பட்டது இன்னும் மோசம். கண்ணாடியின் நடுப்பகுதி தாங்குகிற அடியைக் கரை தாங்காது. இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு நாள் மத்தியானம் வெயிலில் விட்ட காரைத் திறந்து டிக்கியை அடித்துச் சாத்துவீர்கள், அல்லது சுட்டுக்கொண்டிருக்கிற கண்ணாடிக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவீர்கள், கண்ணாடி முழுதும் ஒரே நொடியில் கற்கண்டுபோல நொறுங்கிவிடும். "நேற்று வரைக்கும் நல்லா இருந்தது, தானா வெடிச்சிட்டுது" என்று என்னிடம் வருகிறவர்களில் சிலர் பக்கத்து வீட்டுப் பொடியனில் சந்தேகப்படுவார்கள், சிலர் நாவூறு என்பார்கள். நான் கரைத்துண்டுகளைப் பொறுக்கி வைத்து, முதல் எங்கேயாவது கல் பட்டதா என்று கேட்பேன். அனேகமாக ஒரு கதை இருக்கும். புல்லு வெட்டும் மெஷின், முன்னால் போன டிப்பர், கிரவல் றோட்டு, இந்த மூன்றில் ஒன்று.

எல்லாக் கீறலுக்கும் மாற்றச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நகம் தடக்காத மெல்லிய கீறல், எங்கள் செம்மண் தூசியைக் காய்ந்த துணியால் துடைத்து வந்த கோடுகள், இவற்றுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். கண்ணாடியைச் சுற்றி மழைத்தண்ணீர் கசிந்தால் அது பெரும்பாலும் ஒட்டின பசையின் குற்றம், கண்ணாடியின் குற்றமில்லை. அதே கண்ணாடியைக் கவனமாகக் கழற்றித் திரும்ப ஒட்டலாம். கறுப்பு ஸ்டிக்கர் கொப்பளித்திருந்தால் ஸ்டிக்கரை மட்டும் மாற்றுங்கள், ஆனால் பிளேட்டால் சுரண்ட விடாதீர்கள், ஹீற்றர் கோடுகளும் அதோடு போய்விடும்.

ஹீற்றர் கோடு என்றதும் உங்கள் கதையில் ஒரு விசயம் இடிக்கிறது. அந்தக் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கத்தில் இருப்பவை. கல் பட்டதோ வெளியே. ஆகவே அந்த இரண்டு கோடும் முன்னரே போயிருக்கும், பின்தட்டில் வைத்த சாமான் ஏதாவது உரஞ்சியிருக்கும், நீங்கள் இப்போதுதான் கவனித்திருக்கிறீர்கள். கோடு மட்டும் போயிருந்தால் 12 வோல்ற் மீற்றரைப் பிடித்து எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்து, வெள்ளி கலந்த கடத்தும் பெயின்ற்றை அந்த இடத்தில் மெல்லிசாகப் பூசினால் சரி. அதற்காகக் கண்ணாடி மாற்றத் தேவையில்லை. மார்கழிப் பனியில் ஏ9 றோட்டில் விடிய நாலு மணிக்குப் புறப்படுகிற ஆளுக்குத்தான் அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

இன்னொன்று, கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். யப்பான் காரென்றால் அதிலேயே டெம்பர்ட் (சூடாக்கி இறுக்கிய ஒற்றைத் தகடு) அல்லது லமினேற்றட் (இரண்டு தகடு ஒட்டியது) என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், வாசித்துப் பாருங்கள். முத்திரையே இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும். பழைய வான்களில் யாரோ வீட்டு யன்னல் கண்ணாடியை வெட்டிப் பூட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அது உடைந்தால் கற்கண்டாக நொறுங்காது, கத்தியாக வரும். அதில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்றத்தான் சொல்வேன்.

சரி, மாற்றும் வரைக்கும் என்ன செய்வது? காரை நிழலில் விடுங்கள், தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். டிக்கியைச் சாத்தும்போது ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், உள்ளே அடைபடுகிற காற்றின் தள்ளல் குறையும். அக்சியோவில் பின்சீற்றில் இருக்கிற பிள்ளைகளின் தலைக்கு நேர்பின்னால் அந்தக் கண்ணாடி. எப்படியும் கழற்றப்போகிற கண்ணாடிதானே, உள்பக்கம் முழுவதற்கும் தெளிவான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் நொறுங்கினாலும் துண்டுகள் பிள்ளைகளின் கழுத்தில் கொட்டாது.

அதற்கிடையில் நொறுங்கியே விட்டால், முதலில் படம் எடுங்கள், பிறகுதான் கூட்டுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் கண்ணாடிக்கு உதவாது. முழுக் காப்புறுதி என்றால் கண்ணாடி பற்றிய பகுதியில் முன்கண்ணாடி மட்டும் எழுதியிருக்கிறதா, எல்லாக் கண்ணாடியுமா என்று வாசியுங்கள். அவர்களுக்குக் கோல் எடுக்காமல் கழற்றிப் பூட்டிவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் அலைச்சல்தான். கிளெயிம் எடுக்காதவர்களுக்குக் கட்டணத்தில் தருகிற கழிவு அடுத்த வருசம் உங்களுக்குக் குறையுமா என்றும் கேளுங்கள். சில வேளை கையால் கட்டிவிடுவதே இலாபம்.

பின்கண்ணாடி இல்லாமல் தூரம் ஓடாதீர்கள். மழை, தூசி ஒருபக்கம் இருக்கட்டும். ஓடும்போது காரின் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், சைலன்சர் புகை சுழன்று அந்த ஓட்டையால் உள்ளே வரும். அதில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, பின்சீற்றில் நித்திரையாக இருக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் பிடிக்கும். கராஜ் வரைக்கும் போகத்தான் வேண்டுமென்றால் தடித்த பொலித்தீனை இறுக்கி மறைத்து, முன்யன்னல்களைத் திறந்து, மெதுவாகப் போங்கள். வெயிலில் டேப்பைப் பெயின்ற்றின் மேல் நாள்கணக்கில் விட்டால் பசை ஊறிவிடும், ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். துண்டுகளை வக்யூமால் இழுங்கள். உங்களுடையது பெற்றோல் கார், இதை வாசிக்கிற பிறியஸ், அக்குவா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: பின்சீற் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் இருக்கிறது, அதற்குள் கண்ணாடித்தூள் போக விடாதீர்கள், கூட்டுவதற்கு முன் அதைத் துணியால் மூடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

இனிக் கண்ணாடி வாங்குவது. கடைக்குக் கோல் எடுத்து 141 என்கிற மொடல் இலக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். இதே காரின் வாகன் வடிவமான பீல்டரும் 141 தான், அதன் பின்கண்ணாடி வேறு. 165 அக்சியோவினுடையது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. வாகனப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை முழுதாகக் கொடுத்து, ஹீற்றர் கோடு இருக்கிறதா, வயர் எந்தப் பக்கம் என்பதையும் படம் எடுத்து அனுப்புங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இல்லாவிட்டால் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். யப்பானில் இருந்து கழற்றி வந்த பாவித்த கண்ணாடியை நான் குறை சொல்ல மாட்டேன், நல்லதென்றால் வேறு கொம்பனி பார்த்துச் செய்த புதுக் கண்ணாடியை விட வடிவாகப் பொருந்தும். ஆனால் கையுறை போட்டு நான்கு கரையையும் தடவிப் பாருங்கள், ஒரு சின்னப் பெயர்ச்சி இருந்தாலும் வேண்டாம், அதற்குத்தானே இப்போது இருக்கிறதையே மாற்றுகிறோம். கொண்டுவந்த கண்ணாடியைச் சீமெந்துத் தரையில் நேரே நிறுத்தவும் வேண்டாம். மட்டையையோ பழைய சாக்கையோ விரியுங்கள்.

உண்மையைச் சொன்னால் கண்ணாடியை விடப் பூட்டுகிற வேலையில்தான் எனக்குப் பயம். பூட்டுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, என்ன பசை என்று. சிலிக்கன் என்றால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சிலிக்கன் குளியலறைக்கு நல்லது. காரின் ஆட்டத்துக்கு அது பிடித்து நிற்காது, அதைவிடக் கரைச்சல், ஒருமுறை சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு சரியான பசையும் ஒட்டாது. போட வேண்டியது பொலியூரித்தேன். பழைய பசையை இரும்பு தெரிய அடியோடு சுரண்டக் கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கு விட்டு வெட்ட வேண்டும், புதுப்பசை அதில்தான் நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டுப் பெயின்ற் போன இடத்துக்கும் கண்ணாடியின் கறுப்புக் கரைக்கும் பிறைமர், அதாவது பசைக்கு அடியில் பூசும் பூச்சு, பூச வேண்டும். துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஒட்டுவது வீண், இரண்டு மாரிக்குள் ஒழுகும். பசைக் குழாயின் திகதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தகரக் கொட்டிலில் வெக்கைக்குள் கிடந்த குழாய் திகதிக்கு முன்னரே இறுகத் தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு எதிரி தூசி. றோட்டோர வளவில், டிப்பர் போக வர, பிறைமர் பூசிய இடத்தில் செம்மண் படிந்தால் நீங்கள் கண்ணாடியை மண்ணில்தான் ஒட்டுகிறீர்கள். மூடின கொட்டிலுக்குள், காலையிலேயே, காரின் உடல் சுடுவதற்கு முன்னர் செய்யச் சொல்லுங்கள். மாரி என்றால் பயப்பட வேண்டாம், ஒட்டுகிற இடம் காய்ந்திருந்தால் போதும். இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஆகவே ஐப்பசி கார்த்திகைக் காற்று அதற்கு உதவிதான்.

ஒட்டிய பிறகு எத்தனை மணித்தியாலத்தில் காரை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை வேறு, குழாயில் எழுதியிருக்கும். அதை விட அதிகமாகவே நான் சொல்வேன். அன்றைக்கு மல்லாவிக்குத் திரும்பி ஓடாமல் கராஜிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள். அடுத்த நாள் எடுக்கும்போதும் கண்ணாடி அசையாமல் இருக்க ஒட்டிய டேப் இருக்கட்டும், கதவுகளை அடித்துச் சாத்தாமல் ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்திருங்கள், இரண்டு மூன்று நாளைக்குச் சேர்விஸ் ஸ்ரேசனில் பிறெசர் தண்ணீர் அடிக்க வேண்டாம், குழி விழுந்த றோட்டில் மெதுவாகப் போங்கள். அதற்குத்தான் அந்த ஒரு கிழமை. பிறகு ஒரு நாள் பைப்பை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிக் கால் மணித்தியாலம் தண்ணீர் விட்டு, டிக்கிக்குள் விரித்திருக்கிற மட்டையைத் தூக்கி, ஸ்பெயார் ரயர் கிடக்கிற குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன்னரே பூட்டியவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.