ஐசி கொப்பி, ரோட்டு போர்ட், தோட்ட ஒபிஸ் கடிதம்: இந்த மாச கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதி நம்ம விவரத்த யாருக்கு குடுக்கலாம்ங்கிறது, மீதி அரசாங்கத்துக்கிட்ட விவரம் எப்படி கேக்குறதுங்கிறது. முதலாவதுல நம்ம மலையகத் தோட்டத்து ஆளுங்க ரொம்ப தாராளம், ரெண்டாவதுனா வாயே தொறக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

வீடு தர்றோம்னு ஒருத்தர் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்து எல்லார் ஐசியையும் (அடையாள அட்டையையும்) போன்ல போட்டோ எடுத்தார், இப்ப அது வட்ஸ்அப் குரூப்ல சுத்துது. வெறும் நம்பர்தானேனு வீட்டுக்காரர் சொல்றார். (பொகவந்தலாவ)

வெறும் நம்பர் இல்ல அக்கா. பழைய ஐசில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூணு இலக்கம் வருசத்துல எத்தனையாவது நாள்ங்கிறது, பொம்பளைங்களுக்கு அதோட 500 கூட்டுவாங்க. அதாவது 85532னு ஆரம்பிச்சா 1985 பெப்ரவரி 1ல பிறந்த பொம்பள, அவ்ளோதான் கணக்கு. புது 12 இலக்க நம்பர்லயும் அதேதான், வருசம் மட்டும் முழுசா இருக்கும். இதோட முகம், பேர், விலாசம் எல்லாம் சேந்து போட்டோவா ஒருத்தன் கையில இருந்தா உங்க பேர்ல சிம் எடுக்க பாப்பான், இந்த போன் லோன் அப் இருக்கே அதுல பதிய பாப்பான்.

முதல்ல ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சுட்டு குரூப் அட்மின்கிட்ட அழிக்க சொல்லுங்க, அப்புறம் சிம் கம்பனிக்கு போய் உங்க ஐசில எத்தன சிம் இருக்குனு கேளுங்க. இனிமே கொப்பி குடுக்குறப்ப குறுக்கால பேனையால 'இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்'னு எழுதி திகதியும் போடுங்க. கொமினிகேஷன்ல (கொப்பி எடுக்குற கடையில) சரியா விழாத கொப்பியையும் கேட்டு வாங்கிருங்க, எனக்கு ஒருதடவ டவுன்ல வடை சுத்தி குடுத்த பேப்பர் யாரோ ஒரு பிள்ளையோட பிறப்பு சான்றிதழ் கொப்பி!

பக்கத்து வீட்டுக்கு மட்டும் அஸ்வெசும (அரசாங்க நலன்புரி காசு) கிடைக்குது, அவங்க ஃபாரத்துல என்ன எழுதுனாங்கனு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல விண்ணப்பம்) போட்டு எடுக்கலாமா? (பண்டாரவளை)

முடியாது, எடுக்கவும் வேணாம். அடுத்தவங்க சொந்த விவரத்த, பொது நலன் பெருசா இருந்தா தவிர, மறுக்கலாம்னு அந்த சட்டத்துலயே இருக்கு. உங்களுக்கு ஏன் கிடைக்கல, உங்களுக்கு எத்தன புள்ளி போட்டாங்கனு கேளுங்க, அது உங்க விசயம்.

தனியார் கம்பனி தோட்டம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஒழுங்கா கட்டுறாங்களானு தெரியல. (ஹல்துமுல்ல)

ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் மாதிரி அரசாங்க தோட்டம்னா நேராவே ஆர்டிஐ போடலாம். உங்களுது கம்பனி தோட்டம்ங்கிறதால தொழில் திணைக்களத்துக்கிட்ட போங்க. உங்க சம்பளத்துல 8 வீதம் புடிச்சு கம்பனி 12 வீதம் போடணும், அதனால சம்பள சீட்ட தூக்கி போடாம சேத்து வைங்க.

புது டிஜிட்டல் ஐசிக்கு கைரேகை, கண்ணு எல்லாம் எடுக்க போறாங்களாம், அதுவும் இந்தியா காசுலயாம். எங்களுக்கு பதிவுனாலே பயம் தம்பி. (மஸ்கெலியா)

ஐயா, உங்க பயத்த நான் சிரிச்சு தள்ள மாட்டேன். 1948 பிரஜாவுரிமை சட்டத்துல நம்ம ஆளுங்கள நாடில்லாதவங்களா ஆக்குனாங்க, 1964 ஒப்பந்தத்துல 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுனு ரெண்டு அரசாங்கமும் நம்மள கேக்காமலே பேசி முடிச்சாங்க, மிச்ச சொச்ச பேரோட பிரஜாவுரிமை விசயம் 2003 வரைக்கும் இழுத்துச்சு. ஒரு ஃபாரத்துல ஒரு கோடு தப்பா போனதால குடும்பம் ரெண்டா பிரிஞ்ச கதை எங்க வீட்லயும் இருக்கு. ஆனா இப்ப கார்ட் எடுக்காம ஒதுங்குனா நட்டம் நமக்குதான். என்னோட கோவம் வேற எடத்துல, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு 2022ல நிறைவேத்திட்டு 2025 மார்ச்ல வரவேண்டிய முக்கியமான பகுதிகள தள்ளி வச்சாங்க பாருங்க, கண்ணு ரேகைய கேக்குறதுக்கு முன்னாடி அத முழுசா கொண்டு வாங்கனு நம்ம பிரதிநிதிகள் சத்தமா கேக்கணும், வோட்டு கேட்டு வர்றப்ப நீங்களும் இத கேளுங்க.

எங்க டிவிசன் ரோட்டுக்கு காசு ஒதுக்கியாச்சுனு போர்ட் வச்சாங்க, போர்ட்டே துரு புடிச்சிருச்சு, ரோட்ட காணோம். ஆர்டிஐ போட்டா துரைக்கு (தோட்ட மனேஜருக்கு) தெரிஞ்சு பிரச்சினை வருமா? (லிந்துலை)

தம்பி, முன்னாடி 'தோட்டம் தனியார் காணி, நாங்க செலவழிக்க ஏலாது'னு பிரதேச சபை கைய விரிச்சிரும், 2018ல பிரதேச சபை சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் அந்த சாட்டு செல்லாது. போர்ட்ல எந்த ஒபிஸ் பேர் இருக்கோ அங்க இருக்குற தகவல் அலுவலருக்கு 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல தமிழ்லயே எழுதுங்க. ஏன் கேக்குறனு காரணம் சொல்ல தேவையில்ல, எழுத முடியாதவங்க வாயால சொன்னா அவங்களே எழுதிக்கணும். 'ஏன் ரோடு போடல'னு கேட்டா கதை சொல்லுவாங்க, அதனால எவ்ளோ காசு ஒதுக்குனீங்க, எந்த திகதியில யாருக்கு எவ்ளோ குடுத்தீங்க, வேலை முடிஞ்சதுனு கையெழுத்து வச்ச பேப்பரோட கொப்பி தாங்கனு கேளுங்க. குடுத்ததும் ஒப்புகை சீட்டு வாங்காம எழும்பாதீங்க. 14 வேலை நாளுக்குள்ள தர்றதா இல்லையானு சொல்லணும், சொல்லலனா அதே நிறுவனத்துல குறிச்ச அதிகாரிக்கு மேன்முறையீடு, அங்கயும் சரிவரலனா கொழும்புல இருக்குற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு போகலாம்.

இப்ப துரை விசயம். கேட்டது யாருனு ஒபிஸ்ல யாராவது வெளிய சொல்லாம இருப்பாங்கனு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அதனால நாலஞ்சு பேர் ஆளுக்கொன்னா போடுங்க, ஒருத்தர் மேல கண்ணு விழாது. அதவிட முக்கியம் விலாசம். நம்ம பக்கம் நெறைய தோட்டங்கள்ல கடிதம் இன்னும் தோட்ட ஒபிஸ்க்குதான் வருது, கவர் மேல இருக்குற முத்திரைய பாத்தாலே உள்ள என்னனு கிளாக்கருக்கு புரிஞ்சிரும், நீங்க பிரிக்கிறதுக்கு முன்னாடி பிரட்டுக்களத்துல (காலையில வேலைக்கு பேர் பதியுற எடத்துல) பேச்சு வந்திரும். டவுன்ல கடை வச்சிருக்குற மச்சானோ மாமாவோ இருந்தா அவங்க விலாசத்த போடுங்க, மறக்காம அவங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க, இல்லனா அரசாங்க கவர்னு பயந்து திருப்பி அனுப்பிருவாங்க.