உங்கள் எடைக்கும் காலுக்கும் ஏற்ற ஸ்னோபோர்டு எது?

கேள்வி: என் உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ, பூட்ஸ் அளவு மாண்டோ 28.5. இரண்டு சீசனாக நண்பரின் 162 செ.மீ. பலகையில் ஓட்டுகிறேன். அதில் ஃப்ளெக்ஸ் (பலகையின் விறைப்பைக் காட்டும் எண்; எண் கூடினால் விறைப்பும் கூடும்) 8 என்று போட்டிருக்கிறது. நாலைந்து முறை இறங்குவதற்குள் பின்கால் தொடை எரிய ஆரம்பித்துவிடுகிறது. சொந்தமாக வாங்கலாம் என்றால், மோவாய் உயரம் போதும் என்கிறார் ஒருவர், மூக்கு உயரம் வேண்டும் என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் சீர்செய்த சரிவுகளில்தான் ஓட்டுகிறேன். பார்க்கில் (தாவவும் வித்தை செய்யவும் அமைத்த பனித்திடலில்) சின்னத் தாவல்கள் உண்டு. புதுப்பனி விழுந்தால் அதிலும் கொஞ்சம் இறங்குவேன். எந்த நீளம், எந்த ஃப்ளெக்ஸ் எடுக்கலாம்?

பதில்: தொடை எரிவதற்கு உங்கள் கால்பலத்தைக் குறை சொல்ல வேண்டாம். பலகைதான் பொருந்தவில்லை. ஏன் என்பதை ஃப்ளெக்ஸ் பற்றிப் பேசும்போது சொல்கிறோம்.

மோவாய், மூக்கு கணக்கைப் பிடித்துக்கொண்டால் உங்கள் உயரத்துக்குச் சுமார் 152 முதல் 162 வரை எதை வேண்டுமானாலும் வாங்கலாம். பத்து செ.மீ. வித்தியாசத்தில் பலகையின் குணமே மாறிவிடும் என்பதால், இந்தக் கணக்கால் பெரிய பயனில்லை. அதோடு, பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது. அதை வளைப்பது எடை.

பலகையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். இடுப்பு ஒடுங்கியும் இரு முனைப்பக்கமும் அகன்றும் இருக்கும். ஒரு பக்க எட்ஜில் (ஓரத்து உலோக விளிம்பில்) அதைச் சாய்த்தால், அகன்ற இடங்கள் மட்டுமே முதலில் பனியில் படும். நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். உங்கள் எடை அந்த நடுப்பகுதியை அழுத்தி இறக்கும்போதுதான் எட்ஜ் முழுவதும் பனியில் பதிகிறது. பலகை வில்லாக வளைந்து, திருப்பம் கிடைக்கிறது. 60 கிலோ உள்ளவர் பெரிய பலகையில் ஏறினால் அந்த வில் வளையாது; நேராக இழுத்துக்கொண்டு போகும். 90 கிலோ உள்ளவர் சின்னப் பலகையில் ஏறினால் அளவுக்கு மீறி வளைந்து, வேகத்தில் பலகையின் பின்முனையான வால் பிடியைவிட்டு வழுக்கும். இருவரும் ஒரே உயரமாக இருந்தாலும் இதுதான் கதை.

ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் நிறுவனம் தரும் எடை அட்டவணையை முதலில் பாருங்கள். உங்கள் 78 கிலோ அதன் வரம்பின் நடுவில் விழவேண்டும். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பொதுவாக இந்த எடைக்கு 155 முதல் 159 வரை வரும். தினமும் கனமான முதுகுப்பையோடு இறங்குகிறவர் அந்தச் சுமையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது அகலம். உங்களுக்கு நீளத்தைவிட இதுதான் முக்கியம். மாண்டோ 28.5 என்பது செ.மீ.யில் பாதத்தின் நீளம். பூட்ஸின் வெளிநீளம் அதைவிடச் சுமார் 2.5 முதல் 3 செ.மீ. கூடும், 31.2 என்று வைத்துக்கொள்வோம். பலகையின் குறுக்குக்கோட்டிலிருந்து முன்காலை 15 டிகிரியிலும் பின்காலை எதிர்ப்பக்கமாக 9 டிகிரியிலும் வைத்தால், பின்கால் பூட்ஸ் பலகையின் குறுக்கே சுமார் 30.8 செ.மீ. பிடிக்கும். சாதாரணப் பலகையின் இடுப்பு அகலம் 25.4 என்றால், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் உட்காரும் இடத்தில் அது ஏறக்குறைய 26.4 இருக்கும். மிச்சம் 4.4 செ.மீ., அதாவது விரல்பக்கமும் குதிகால்பக்கமும் 2.2 செ.மீ. வெளியே நீட்டும். 2 செ.மீ.க்கு மேல் போனால் ஆபத்து. நன்றாகச் சாய்ந்து கார்வ் செய்யும்போது (எட்ஜாலேயே பனியை வெட்டித் திரும்பும்போது) பூட்ஸின் நுனி பனியில் உரசி, எட்ஜைப் பனியிலிருந்து நெம்பி எடுத்துவிடும். எச்சரிக்கை எதுவும் இருக்காது, விழுந்த பிறகுதான் தெரியும். இடுப்பு 26.0 உள்ள பலகையில் இதே கணக்கு 1.9-க்கு இறங்கும். கோணம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நீட்டல் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆபத்துக்குப் பயந்து தேவைக்கு மீறி அகலமாக வாங்கினாலும் சிக்கல்தான். எட்ஜ் காலைவிட்டுத் தள்ளிப்போவதால், ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பலகை சோம்பலாகப் புரளும். பாதத்தைச் சுவரோடு குதிகால் ஒட்ட வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அளவு பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதற்காக அகலப் பலகை தேடி அலைகிறவர்களும் உண்டு.

இனி ஃப்ளெக்ஸ். 1 முதல் 10 வரையிலான அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றில் 7 போல இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் மாடல்களை ஒப்பிட மட்டுமே அது உதவும். மேலும், திறமை கூடக்கூட எண்ணும் கூடவேண்டும் என்ற நினைப்பு தவறு. பார்க்கில் வழுக்கிச் செல்ல அமைத்த தண்டவாளங்களில் அற்புதமாக ஓட்டுகிறவர்கள் 3-ஐத் தேடி வாங்குகிறார்கள்.

ஃப்ளெக்ஸ் இரண்டு விதம். முனையிலிருந்து முனைக்கு வளைவது ஒன்று. பலகை துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொள்வது மற்றொன்று. எண்ணில் இந்த இரண்டாவது நேரடியாகத் தெரியாது, ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அதுவே உயிர். திருப்பத்தைத் தொடங்கும்போது முன்கால் விரல்களை அழுத்துகிறீர்கள், பின்கால் இன்னும் குதிகாலில் இருக்கிறது. அந்த நொடியில் பலகை கொஞ்சம் முறுக்கினால், முன்பாதி முதலில் திரும்பி, பின்பாதியைக் கூட்டிக்கொண்டு வரும். ஃப்ளெக்ஸ் 8 பலகை உங்கள் காலுக்கு முறுக்கிக்கொடுப்பதில்லை. அதனால் நீங்கள் பின்காலால் வாலைத் தள்ளித் தள்ளித் திருப்புகிறீர்கள். தொடை எரிவது அதனால்தான். கடையில் சோதிக்க, வாலை இரு பாதங்களுக்கு நடுவே இறுக்கி, மூக்கை, அதாவது முன்முனையை, இரு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். இரண்டு மூன்று பலகைகளை அடுத்தடுத்துத் திருகினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ரொம்ப மெத்தென்றிருந்தாலும் தொல்லை உண்டு. இறுகிய பனியில் வேகமெடுத்தால் மூக்கு படபடவென்று அடிக்கும். தாவி இறங்கும்போது எடை பின்னால் போனால் வால் மடங்கி, உட்காரவைத்துவிடும்.

தண்டவாளம், பெட்டி என்று பார்க்கிலேயே பொழுதைக் கழிப்பவர்கள் அட்டவணை நீளத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. குறைத்து, ஃப்ளெக்ஸ் 2 முதல் 4 எடுக்கலாம்; சுழற்ற எளிது. பெரிய தாவல்களுக்கு நீளத்தைக் குறைக்காமல் 5 அல்லது 6 வேண்டும். ஹாஃப்பைப்பின் (பாதிக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்தின்) இறுகிய சுவரில் எட்ஜ் பிடிக்கவேண்டும் என்பதால் அங்கே கேம்பர் பலகையும் (எடை ஏறாதபோது நடுப்பகுதி மேல்நோக்கி வில்லாக வளைந்திருப்பது) இன்னும் கொஞ்சம் விறைப்பும் தேவை. செங்குத்தான, சீர்செய்யாத மலைச்சரிவுக்கு 2 முதல் 5 செ.மீ. கூட்டி, 6 முதல் 8. ஆழமான தூள்பனிக்கென்றே குட்டையாகவும் அகலமாகவும் செய்யும் பலகைகள் வேறு கணக்கு. பரப்பளவை அகலத்தில் ஈடுகட்டுவதால், அவற்றை 5 முதல் 10 செ.மீ. வரை குறைத்து வாங்கச் சொல்வார்கள். அதை அந்த மாடலின் அட்டவணையிலேயே பாருங்கள்.

மொத்த நீளத்தோடு எட்ஜின் பயன்படும் நீளத்தையும் ஒப்பிடுங்கள். 157 என்று எழுதியிருக்கும் இரண்டு பலகைகளில், மூக்கு நீண்டதில் பனியைப் பிடிக்கும் எட்ஜ் குறைவு. முனைகள் மேலெழும்பிய ராக்கர் பலகையும் நேராகப் போகும்போது குட்டையாக உணரவைக்கும்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வளர்ந்துவிடுவார்கள் என்று பெரிதாக வாங்காதீர்கள். வளைக்க முடியாத பலகையில் குழந்தை கற்றுக்கொள்வது பயத்தைத்தான்.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை: 156 முதல் 158, இடுப்பு 26.0-ஐ ஒட்டியது, ஃப்ளெக்ஸ் 5, கால்களுக்கடியில் கேம்பரும் முனைகளில் சிறிது ராக்கரும் கொண்ட, இரு முனையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் முன்னோக்கி ஓட்டுவதற்குச் சற்றுக் கூடுதலாக ஏற்ற டைரக்‌ஷனல் ட்வின். பூட்ஸும் பைண்டிங்கும் அதே நடுத்தர விறைப்பில் இருக்கட்டும். மெத்தென்ற பூட்ஸ் போட்டால் கணுக்கால் கொடுக்கும் அழுத்தம் எட்ஜுக்குப் போய்ச் சேராது. விறைத்த பூட்ஸ் போட்டால் சின்ன அசைவுக்கும் பலகை துள்ளும். கைக்காசு இழுபறியாக இருந்தால் பூட்ஸை முதலில் வாங்குங்கள், பலகையை இன்னும் கொஞ்ச நாள் வாடகைக்கு எடுக்கலாம். வாங்குமுன் இதே அளவில் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தொடை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

புதுப்பனி நாளுக்காகத் தனியாக நீளப் பலகை வேண்டாம். திருகுதுளைகள் 2 செ.மீ. இடைவெளியில் இருக்கும் பலகையானால், இரண்டு பைண்டிங்கையும் ஒரு துளை பின்னுக்கு நகர்த்துங்கள். மூக்கு பனிக்கு மேலே மிதக்கும். இறுகிய பனிக்குத் திரும்பும் அன்று காலையிலேயே பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் மூக்கில் எடை போதாமல், திருப்பத்தைத் தொடங்க மறுபடியும் வாலைத் தள்ள வேண்டிவரும்.