செத்தவீட்டில் போன் பிடித்து நின்றவள்

அன்புள்ள அக்கா,

இந்தக் காலத்துச் சனத்துக்கு மனமே இல்லை. முந்தியெல்லாம் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் தெருவே வந்து எட்டிப்பார்க்கும். இப்போது வட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பிய படம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் போன். வைகாசிச் சடங்கில் அம்மனைக் கும்பிடுகிற கையைவிடப் படம் எடுக்கிற கைதான் கூட. அண்ணன்மார் கனடாவிலும் சுவிஸிலும். காசு வருகிறது, ஆள் வருவதில்லை. அம்மாவின் செத்தவீட்டிலும் அவர்கள் பார்க்க வேண்டுமென்று பெட்டி மூடும்வரை நான்தான் வீடியோ கோல் பிடித்து நின்றேன், அழுகையும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை, அதை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரிகூடக் கேற்றைப் பூட்டியே வைத்திருக்கிறாள். எல்லாரும் மிஷினாகிவிட்டார்கள். இதற்குள் எப்படி நிம்மதியாக இருப்பது?

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புத் தங்கச்சி,

“அதை விடுங்கள்” என்கிறீர்கள். விடமாட்டேன். கேற்றும் வட்ஸ்அப்பும் கிடக்கட்டும். அம்மா போயும் அழாத நான் என்ன மனிசி என்பதுதானே உங்களை அரிக்கிறது?

கோல் பிடிக்கிறவளின் கவனம் எங்கே இருக்கும்? அம்மாவின் முகம் திரைக்குள் விழுகிறதா, சிக்னல் நிற்கிறதா, சார்ஜ் காணுமா, அண்ணன் “கிட்டக் காட்டு” என்கிறாரா என்பதில். துக்கம் அந்த நேரத்தில் ஒதுங்கித்தான் நிற்கும். தலைமாட்டில் மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி சொன்னபோது நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றீர்கள். ஒரு குரல் உடைய மற்றக் குரலும் உடையத்தான் அந்த வட்டமே இருக்கிறது. தாய்வீடு மகளுக்குச் சீதனமாகும் நம் மட்டக்களப்புப் பகுதியில், கடைசிக்காலப் பராமரிப்பும் பெரும்பாலும் மகள் தலையில்தான். அந்தக் களைப்போடு மரத்துப்போவது கல்மனம் இல்லை. துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருவார் என்று ஸ்ட்ரோப், ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். நீங்கள் வேலைப் பக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஊரையே மிஷின் என்பது நியாயமில்லை. உங்கள்மேல் வைத்த குற்றத்தைத்தான் ஊர்மேல் இறக்குகிறீர்கள். அண்ணன்மார் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது உங்கள் கையால். போனை வைத்தபிறகு அந்தக் குளிர்நாட்டு அறைகளில் அவர்களைக் கட்டிப்பிடிக்க யார் இருந்தார்கள்? கேட்டீர்களா? அந்தக் கேற்றைத்தான் ஒருநாளாவது தட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை.

ஒரு அண்ணனுக்குக் கோல் எடுங்கள். படம் வேண்டாம், குரல் மட்டும். கையில் வேறு வேலையும் வேண்டாம். அம்மா கடைசி நாட்களில் என்ன விரும்பிச் சாப்பிட்டா, யாரைக் கேட்டா என்பதிலிருந்து தொடங்குங்கள். அழுகையை வரவழைக்கப் பார்க்காதீர்கள்.

நித்திரையும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குழம்பினாலோ, 6 மாதம் கடந்தும் இந்த மரத்த நிலை அன்றாடத்தை முடக்கினாலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால் அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.