மொரீஷியஸ்ல பிரைமரி ஸ்கூல்ல பாடம் தவிர வேற என்ன இருக்கு? தமிழ் சொல்லித் தருவாங்களா?

தருவாங்க, கவலைப்படாதீங்க. கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே தமிழை ஆப்ஷனா எடுக்கலாம், புக்கு மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல தயார் பண்றாங்க, ஆனா ஊர்ல மாதிரி எதிர்பார்க்காதீங்க, இங்க பிறந்த தமிழ்க் குடும்பங்கள்லயே பெரும்பாலும் வீட்டுல கிரியோல்தான் (ஃப்ரெஞ்ச்ல இருந்து உருவான உள்ளூர் மொழி) பேசுறாங்க, அதனால அ, ஆ-வே புது மொழி மாதிரிதான் ஆரம்பிக்குது.

மத்தபடி கிரேடு 1ல இருந்து 6 வரை, ஜனவரியில வருஷம் தொடங்கும். இங்கிலீஷ், ஃப்ரெஞ்ச், கணக்கு, சயின்ஸ், ஹிஸ்டரி-ஜியாகிரஃபி. 2012ல இருந்து கிரியோலும் ஒரு ஆப்ஷன். பாடமொழி இங்கிலீஷ்னு பேரு, டீச்சர் விளக்குறது முக்கால்வாசி கிரியோல்லயும் ஃப்ரெஞ்ச்லயும்தான், நம்ம ஊர்ல இருந்து வந்த பிள்ளை முதல் ரெண்டு மூணு மாசம் முழிக்கும், என் பொண்ணும் முழிச்சா, அப்புறம் விளையாட்டுலயே கத்துக்கிட்டா!

டிராயிங், மியூசிக், டான்ஸ், பி.டி. எல்லாம் பாடத்திட்டத்துலயே இருக்கு. ஆனா நெசத்த சொல்லணும்னா கிரேடு 5 வந்துட்டா இதெல்லாம் ஓரமாப் போயிடும். முன்னாடி பிரைமரி முடிவுல சி.பி.இ.ன்னு ரேங்க் போட்டு பிள்ளைங்கள வாட்டுன பரீட்சை, 2017ல அத எடுத்துட்டு பி.எஸ்.ஏ.சி.ங்கற புது பரீட்சைய கொண்டு வந்தாங்க, சயின்ஸும் ஹிஸ்டரி-ஜியாகிரஃபியும் பாதிய கிரேடு 5லயே எழுதி முடிச்சிடலாம், பாரம் குறையுது, ஆனாலும் டியூஷன் பைத்தியம் மட்டும் போகல. சின்ன கிளாஸுக்கு டியூஷன் எடுக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதுக்கு மேல உள்ள கிளாஸ்ல பெத்தவங்க டியூஷன விடுறதில்ல.

ஸ்கூல் பாக்கப் போறப்ப தமிழ் டீச்சர் இருக்காங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, பிள்ளைங்க கம்மியா இருந்தா ரெண்டு கிரேடை ஒண்ணா உக்கார வச்சுடுவாங்க.