பெட்டியை விடாத மின் கப்ளர்

கேள்வி: என் எச்.ஓ. அளவு (1:87) மாதிரி ரயில் எஞ்சினில் 21 முனை டிகோடரை (கட்டளைகளைப் பெற்று எஞ்சினை இயக்கும் மின்னணுப் பலகை) மாற்றிய பிறகு, விளக்கும் ஒலியும் சரியாக இருக்க, மின் கப்ளர் (பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் கொக்கி) மட்டும் பெட்டியை விடுவிக்க மறுக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் இறுகிவிட்டதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வெயிலின் மேல் பழி போட வேண்டாம். இவ்வகை டிகோடர்கள் சிலவற்றில் ஆக்ஸ் 3, ஆக்ஸ் 4 எனும் துணை வெளியீடுகள் கப்ளரைத் திறக்கும் கம்பிச் சுருளை இயக்கப் போதாத வெறும் சைகையை மட்டுமே தருகின்றன. பழைய டிகோடரில் அங்கே வேலை செய்த கப்ளர் புதியதில் அசையாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், இணைப்பை ஆக்ஸ் 1 அல்லது 2-க்கு மாற்றிப் பாருங்கள். அதற்கு முன், கப்ளரின் இரு கம்பிகளையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். மின் தொடர்ச்சி காட்டாவிட்டால் சுருள் கருகியோ அறுந்தோ போய்விட்டது. வேறு கப்ளர்தான் வாங்க வேண்டும்.

மாற்றியபின், அந்த வெளியீட்டை விளக்கு முறையில் விட்டுவிடாதீர்கள். முழு மின்னழுத்தம் தொடர்ந்து பாய்ந்தால் மயிரிழை போன்ற அந்தச் சுருள் தாங்காது. முதலில் ஒரு கணம் முழு விசையும் பிறகு குறைந்த விசையும் தரும் கப்ளர் முறை பல டிகோடர்களில் உண்டு, அதையே தேர்ந்தெடுங்கள். விடுவிக்கும்போது எஞ்சினைப் பெட்டியை நோக்கிச் சற்றே நகர்த்துங்கள். கொக்கி இழுபட்டு நின்றால் நல்ல கப்ளரும் திறக்காது.